நீங்க சும்மா உட்காருங்க

1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்களைப் படுக்கையில் போட்டார்கள். ஐவருக்கும் இருபது வயது. நோய் நொடி எதுவும் கிடையாது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வாளர்கள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மூன்று வாரம் எழுந்து நடமாடக் கூடாது. படுக்கப் போகுமுன்பும் எழுந்த பின்பும் அவர்களைக் கடுமையாக உழைக்கவைத்து, உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளந்தார்கள். இதயம், நுரையீரல், தசை மூன்றின் திறனையும் ஒரே எண்ணில் காட்டிவிடும் அளவீடு அது. மூன்றே வாரத்தில் அந்த எண் தடாலென்று இறங்கியிருந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல், அதே ஐவரையும் அழைத்து மறுபடியும் அளந்தார்கள். இப்போது ஐம்பது வயது. எடை கூடியிருந்தது, வயிறு முன்னே வந்திருந்தது. ஆனாலும் முப்பது வருட முதுமை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டதைவிட, இருபது வயதில் படுத்துக் கிடந்த மூன்று வாரம் பறித்ததுதான் அதிகம். பிறகு ஆறு மாதம் படிப்படியாக நடக்கவும் மெதுவாக ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்தபோது, முப்பது வருடத்தில் இழந்த திறனை ஐவரும் சராசரியாக முழுவதுமே மீட்டுக்கொண்டார்கள்.

முதுமை என்று நாம் பெயர் சூட்டி வைத்திருப்பதில் எவ்வளவு வயதின் வேலை, எவ்வளவு சும்மா இருந்ததன் வேலை? நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அறுபது தாண்டினால் போதும், பாசம் ஒரு வாக்கியமாக வந்து நிற்கும்: “நீங்க சும்மா உட்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்.” தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கிக்கொள்வோம், கடைக்குப் போகும் பையை வாங்கிக்கொள்வோம், மாடிப்படி வேண்டாம் என்று கீழறையில் கட்டிலைப் போட்டுக்கொடுப்போம். பிள்ளைகள் நல்லவர்கள் என்று தெருவே சொல்லும். தசைக்கு அந்தப் பேச்சு கேட்காது.

தசை எப்படிக் கரைகிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். நம் தசைநார்களில் இரண்டு பெரும் வகை உண்டு. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாக்குப்பிடிப்பவை ஒரு வகை. நிற்கவும் நிதானமாக நடக்கவும் இவை போதும். சட்டென்று சுருங்கி, சட்டென்று களைத்துப்போகிறவை இன்னொரு வகை. கல்லில் கால் தடுக்கினால் அடுத்த காலை முன்னே போட்டு உடம்பைத் தாங்குவதும், கவனிக்காமல் படி இறங்கிவிட்டால் சமாளிப்பதும் இந்த வேக நார்கள்தான். வயது ஏறும்போது முதலில் மெலிவது இவையே. இவற்றை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. அநாதையாகிவிட்ட நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும். மற்றவை சுருங்கி மறையும். அதனால்தான் ‘நல்லாத்தான் நடந்துட்டிருந்தார், திடீர்னு விழுந்துட்டார்’ என்று சொல்கிறோம். நடக்கும் தசை இருந்தது, விழாமல் தடுக்கும் தசை போய்விட்டது.

இன்னொன்று. தசையின் புரதம் ஓயாமல் சிதைந்துகொண்டும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. இளம் வயதில் நன்றாகச் சாப்பிட்டாலே, ‘கட்டு’ என்ற செய்தி தசைக்குப் போய்விடும். வயதானவர் உடம்பில் அந்தச் செய்தி மங்கிப்போகிறது. பருப்பும் முட்டையும் கொடுத்தாலும் தசை பாதிதான் காது கொடுக்கிறது. அதன் காதைத் திறப்பது அசைவு. வேலை செய்த தசை உணவை வாங்கிக்கொள்ளும், கிடந்த தசை வாங்காது. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வதும் தசைதான் என்பதால், வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளி இருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

டல்லாஸ் இளைஞர்களை விடுங்கள். 2007-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமான சிலரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. மருத்துவமனையில் காய்ச்சலுக்குச் சேர்ந்து பத்து நாளில் ‘குணமாகி’ வீடு திரும்பும் பெரியவர், வாசற்படியில் ஏறக் கை நீட்டுகிறாரே, அதற்குக் காரணம் பெரும்பாலும் காய்ச்சல் இல்லை. கட்டில்.

போனது திரும்புமா? இதற்குப் பதில் சொன்னவர் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர். பாஸ்டனில் யூத முதியோருக்கான மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். தொண்ணூறு வயதுக்காரர்களைப் பளு தூக்கச் சொல்வதா என்று யாருக்கும் தோன்றும். 1990-இல் முடிவு வெளியானது. தொடை தசையின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது; தசையின் பருமனோ 9 சதவீதம்தான் கூடியிருந்தது. வலிமையின் பெரும்பங்கு நரம்பு மறுபடி கற்றுக்கொண்டதில் வந்தது என்று பொருள். கைத்தடி ஊன்றி நடந்த இருவர் தடியை விட்டுவிட்டார்கள். பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில், வலிமையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. நரம்புக்கும் தசைக்கும் சேமிப்புக் கணக்கு கிடையாது, தினக்கூலிதான்.

இங்கேதான் இடம் என்ற சங்கதி வருகிறது. தினமும் பளு தூக்கு என்று தொண்ணூறு வயதுக்காரரிடம் சொல்ல ஒரு மருத்துவமனை வேண்டும், கூடவே நிற்க ஆள் வேண்டும். உலகத்தில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? ஆனால் சில இடங்கள் யாரும் சொல்லாமலே வேலை வாங்கிவிடுகின்றன.

இத்தாலியின் சார்டீனியா தீவில், கிழக்குப் பக்கத்து மலைக் கிராமங்களை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிஷெல் பூலேன், ஜியான்னி பெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். நூறு வயதைத் தொட்டவர்களில், மற்ற இடங்களில் ஓர் ஆணுக்கு நாலைந்து பெண்கள் என்ற கணக்கு இருக்கும். இந்த மலைக் கிராமங்களில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். வரைபடத்தில் நீல மையால் அவர்கள் வட்டமிட்ட பகுதியே பின்னால் ‘நீல மண்டலம்’ என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. ஒயின், பாலாடைக்கட்டி, அவரை என்று சாப்பாட்டுப் பட்டியலைத்தான் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அதை வைத்து ஒரு வியாபாரமே நடக்கிறது. ஆனால் பெஸ் குழுவினர் 2013-இல் கிராமம் கிராமமாக ஒப்பிட்டபோது, ஆண்களின் நீண்ட ஆயுளோடு ஒட்டி வந்த காரணிகள் வேறு: மேய்ச்சல் தொழில், வேலைக்குப் போகும் தூரம், நிலத்தின் சரிவு. ஊர் சரிவில் இருந்தால் ரொட்டி வாங்கப் போனாலும் ஏற்றம், திரும்பினாலும் ஏற்ற இறக்கம்.

நீல மண்டலக் கதைகளை அப்படியே விழுங்கவும் வேண்டாம். நூறு வயதுக்காரர் அதிகம் என்று சொல்லப்படும் பல இடங்களில் பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லை என்று சால் நியூமன் என்ற ஆய்வாளர் குடைந்து காட்டி, 2024-இல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு வாங்கினார். சார்டீனியா ஆவணங்களைச் சரிபார்த்துவிட்டோம் என்று பூலேன் தரப்பு மறுக்கிறது. எனக்கு நூறு வயதுக் கணக்கைவிட ஜப்பானின் ஒகினாவா சொல்வதுதான் முக்கியமாகப் படுகிறது. நீண்ட ஆயுளுக்குப் பேர்போன அந்தத் தீவின் ஆண்கள், 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் ஜப்பானின் 47 மாகாணங்களில் 26-ஆம் இடத்துக்குச் சரிந்தார்கள். பரம்பரை அதேதான், கடலும் அதேதான். உணவு மாறியது, அப்போது ரயிலே இல்லாத அந்தத் தீவில் பக்கத்துக் கடைக்கும் கார் என்றானது.

இடத்துக்கும் முதுமைக்கும் உள்ள உறவை ஒரு கோட்பாடாக வடித்தவர் எம். பவல் லாட்டன். ஃபிலடெல்ஃபியாவில் முதியோர் இல்லம் ஒன்றோடு இணைந்த ஆய்வு நிலையத்தில் பல ஆண்டுகள் இருந்த உளவியலாளர். லூசில் நஹேமோவோடு சேர்ந்து 1973-இல் அவர் சொன்னது இது: ஒவ்வொருவருக்கும் ஒரு திறன் உண்டு, ஒவ்வோர் இடமும் அந்த மனிதரிடம் ஏதோ கேட்கிறது. திறனுக்கு மிஞ்சிக் கேட்டால் மனிதர் நொறுங்கிப்போவார். செங்குத்தான படி, இருட்டு நடை, வழுக்கும் குளியலறை எல்லாம் அந்த வகை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் கூடுதலாகச் சொன்ன பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்: இடம் எதுவுமே கேட்காவிட்டாலும் மனிதர் சரிகிறார். திறனைவிடச் சற்றுக் குறைவாகக் கேட்கும் இடத்தில் சுகமாக இருக்கலாம். திறனைவிடச் சற்றே அதிகமாகக் கேட்கும் இடத்தில் திறன் வளரும். இன்னொன்றும் சொன்னார். திறன் குறையக் குறைய, இடத்தின் பிடி இறுகும். இருபது வயதுக்காரனுக்கு ஓரங்குல மேடு கண்ணிலேயே படாது. எண்பது வயதுக்காரிக்கு அது அந்தத் தெருவில் போவதா வேண்டாமா என்ற முடிவு.

இப்போது நம் வீட்டைப் பாருங்கள். ஒரு தலைமுறைக்குள் தரை காணாமல் போய்விட்டது. சாப்பாடு மேஜைக்கு ஏறியது, படுக்கை கட்டிலுக்கு ஏறியது, கழிப்பறை வெஸ்டர்ன் ஆனது. தரையிலிருந்து எழும் ஒரு பாட்டியைக் கவனியுங்கள். முதலில் ஒரு காலை மடக்கிப் பாதத்தை ஊன்றுவார். ஒரு கை முட்டி மேல், மறு கை தரையில். உடம்பை முன்னே சாய்த்து, எடையை இடுப்பிலிருந்து பாதத்துக்கு நகர்த்தி, “முருகா” என்று ஒரு உந்து. இடுப்பு, தொடை, கணுக்கால், சமநிலை, மூச்சு அத்தனையும் ஒரே நேரத்தில் பரீட்சை எழுதுகின்றன. முன்பெல்லாம் இந்தப் பரீட்சை ஒரு நாளில் எத்தனை முறை நடந்ததென்று யாரும் எண்ணியதில்லை. வாசலில் கோலம் போடுவதும் அப்படித்தான்: இடுப்பை மடித்துக் குனிந்து, புள்ளிக்குப் புள்ளி எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி, பின்னாலேயே நகர்ந்து, அதே நேரம் மனத்தில் எண்ணிக்கையும் தப்பாமல்.

பிரேசிலில் கிளாடியோ ஜில் அராவ்ஜோ என்ற மருத்துவர் இதையே ஒரு சோதனையாக்கினார். தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், கை, முட்டி என்று ஊன்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறையும், மொத்தம் பத்து. 51 முதல் 80 வயது வரை 2,002 பேரைச் சோதித்து, சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அந்தக் காலத்துக்குள் இறந்துபோகும் வாய்ப்பு, எட்டும் அதற்கு மேலும் வாங்கியவர்களைவிட ஐந்தாறு மடங்கு இருந்தது. 2012-இல் வந்த முடிவு இது. தரையில் உட்கார்ந்தால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருளில்லை. தரையிலிருந்து எழ முடிகிற உடம்பு, இன்னும் பலவற்றைச் செய்ய முடிகிற உடம்பு, அவ்வளவுதான்.

பழசெல்லாம் பொன் என்று கிளம்பிவிடவும் கூடாது. பெய்ஜிங்கில் முதியோரின் முட்டிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்கள், இளமையில் நெடுநேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் கூடுதலாக இருப்பதை 2004-இல் காட்டினார்கள். தேய்ந்த மூட்டோடு இருப்பவரை இந்தியன் கழிப்பறைக்கு விரட்டுவது கொடுமை. லாட்டன் சொன்னது ‘சற்றே அதிகம்’ என்றுதான்.

எவ்வளவு நடந்தால் போதும்? பத்தாயிரம் அடி என்ற எண்ணை மருத்துவர்கள் கண்டுபிடிக்கவில்லை; 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘பத்தாயிர அடி மீட்டர்’ என்ற பெயருள்ள கருவியிலிருந்து ஒட்டிக்கொண்டது அது. ஹார்வர்டின் ஐ-மின் லீ குழுவினர் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களின் நடையை அளந்து 2019-இல் சொன்னது வேறு. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவு. 7,500-ஐத் தாண்டிய பிறகு பலன் அப்படியே சமமாகிவிடுகிறது. பால் பூத், கோயில், மார்க்கெட், பேத்தியின் பள்ளி வாசல் என்று ஒரு நாள் போனாலே எட்டிவிடக்கூடிய எண்தான் 4,400. பால் பாக்கெட் வாசலுக்கே வந்துவிட்டால், காய்கறி ஆப்பில் வந்துவிட்டால், எட்டாது.

ஆனால் நடப்பதற்குத் தெரு வேண்டுமே. இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களின் நடை வேகத்தை ஒரு தேசிய ஆய்வின் தரவிலிருந்து பார்த்தார்கள். சாலையைக் கடக்கும் சிக்னல் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. ஆண்களில் 76 சதவீதமும் பெண்களில் 85 சதவீதமும் அதைவிட மெதுவாகவே நடந்தார்கள். அதாவது சிக்னல் அவர்களுக்காக அமைக்கப்படவே இல்லை. சிங்கப்பூர் 2009-இல் ஒரு சின்ன ஏற்பாடு செய்தது. சாலையோரக் கம்பத்தில் முதியோர் தம் சலுகை அட்டையைத் தொட்டால், பச்சை மனிதன் மூன்று முதல் பதின்மூன்று நொடிவரை கூடுதலாக நிற்பான். மருந்தில்லை, மருத்துவர் இல்லை. பத்து நொடி கொடுத்ததில் எதிர்ப்பக்கத்துக் கடையும் அங்கே பேச்சுக்கு இருக்கும் ஆளும் ஒருவருக்குத் திரும்பக் கிடைக்கிறார்கள்.

இங்கிலாந்திலேயே இன்னொரு பாடம். முதியோருக்கு இலவசப் பேருந்து அட்டை கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று நினைக்கத் தோன்றும். லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2012-இல் பார்த்தபோது, அட்டை வைத்திருந்தவர்கள்தான் அதிகம் நடந்தார்கள். பேருந்து நிறுத்தம்வரை நடக்க வேண்டுமே! சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவசப் பயணம் 2016 முதல் உண்டு. நல்ல திட்டம். ஆனால் நிறுத்தம்வரை போகும் நடைபாதையில் ஒரு பக்கம் மோட்டார் பைக், இன்னொரு பக்கம் ஆடும் வடிகால் மூடி. இலவசச் சீட்டை மருந்தாக நினைத்தால், அதை விழுங்கத் தண்ணீர் தராத கதை இது.

உடம்பை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். 1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில், ஒரு மாடியில் இருந்தவர்களிடம் ஆளுக்கொரு செடி கொடுத்து, அதை வளர்ப்பதும் அறையை அமைத்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு மாடிக்கும் அதே செடி. தண்ணீர் ஊற்றுவது செவிலியர். பொறுப்பு கிடைத்தவர்கள் கூடுதல் கலகலப்பாக இருந்தார்கள். ஒன்றரை வருடத்தில் இறந்தவர்களும் அந்த மாடியில் குறைவு என்ற செய்தி மிகவும் பிரபலம். ஆனால் ஆய்வு சிறியது. கணக்கில் திருத்தம் போட்ட பிறகு இறப்பு பற்றிய முடிவு முதலில் தெரிந்த அளவு உறுதியாக நிற்கவில்லை. செடி உயிர் காக்கும் என்று வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டாம்.

அதைவிட உறுதியானது பால்டிமோர் நகரில் நடந்தது. லிண்டா ஃப்ரீட் என்ற மருத்துவரும் சகாக்களும் அறுபது கடந்தவர்களை வாரம் பதினைந்து மணி நேரம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் நூலகத்தைப் பார்த்துக்கொள்வதும் வேலை. 128 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய முதல் சோதனையில், பள்ளிக்குப் போனவர்களின் உடலியக்கம் கூடியது; ஆபத்துக்கு உதவ ஆள் இருக்கிறது என்று சொன்னவர்களும் அங்கேதான் அதிகம். யாரும் அவர்களை உடற்பயிற்சி செய்யச் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ஒன்று காத்திருக்கும், போயாக வேண்டும், அவ்வளவுதான்.

விழுந்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. விழுவதால் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் அதற்கான பதில் உட்கார வைப்பது இல்லை. உடற்பயிற்சி விழுவதை 23 சதவீதம் குறைப்பதாக, நூற்றுக்கும் மேற்பட்ட பரிசோதனைகளைத் தொகுத்த 2019-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வு காட்டியது. வீட்டிலுள்ள ஆபத்துகளைச் சரிசெய்வது 26 சதவீதம் குறைப்பதாக 2023-இல் வந்த இன்னொரு தொகுப்பு சொன்னது. ஏற்கெனவே விழுந்தவர்கள் போன்ற ஆபத்து மிகுந்தவர்களுக்கு 38 சதவீதம். குளியலறையில் கைப்பிடி, படிக்கட்டில் விளக்கு, வழியில் கிடக்கும் மிதியடியையும் ஒயரையும் அப்புறப்படுத்துவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போதே பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். இப்போது அந்தப் பங்கு இன்னும் கூடியிருக்கிறது. உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது பூங்காவுக்கு நீரூற்று கேட்காதீர்கள். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை ஆடாத நடைபாதையும், இருநூறு அடிக்கு ஒரு பெஞ்சும், கடக்க இன்னும் பத்து நொடியும் கேளுங்கள். வீட்டில் கைப்பிடியைப் பொருத்திவிட்டு, மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, காய்கறிப் பையை அப்பாவிடமே கொடுத்தனுப்புங்கள்.